செய்தியைச் சொன்னது யார், சரிபார்த்தது யார்?

ஜெர்மனியின் டியூபிங்கன் பகுதியில் நீண்ட காலம் நீதிமன்றச் செய்தியாளராக இருந்த ஒருவர், 2024இல் மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் சாட்பாட்டில் தன் பெயரைக் கொடுத்துத் தேடினார். குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்தவர், மனநல மருத்துவமனையிலிருந்து தப்பியவர், மோசடிக்காரர் என்று அது பதில் சொன்னது. அவருடைய வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுத்தது. அவர் செய்ததெல்லாம், அத்தகைய குற்றங்களின் விசாரணைகளை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டு, பத்திரிகையில் எழுதியதுதான். அவர் பெயரோடு வெளியான செய்திகளில் அவருடைய பெயரும் குற்ற விவரங்களும் அடுத்தடுத்து இருந்தன. எழுதியவர் யார், எழுதப்பட்டவர் யார் என்ற வேறுபாடு இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அவர் புகார் கொடுத்தார். அவதூறை எழுதிய மனிதர் என்று யாரும் இல்லாததால் குற்ற வழக்குக்கு இடமில்லை என்று அது தள்ளப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு எழுதும் செய்திகளைப் பற்றி இன்று நடக்கும் விவாதத்தின் இரண்டு முனைகளும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன. தகவல் எங்கிருந்து வந்தது என்ற தடம் அழிந்துபோனது ஒரு முனை. தவறுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது இன்னொரு முனை. நம் நாட்டிலும் வெளியிலும் பேச்சு பெரும்பாலும் மூன்றாவது ஒன்றைச் சுற்றியே நடக்கிறது: ‘இது ஏஐ தயாரித்தது’ என்று முத்திரை குத்துவதா, வேண்டாமா, குத்தினால் எவ்வளவு பெரிதாக? முத்திரை தேவைதான். ஆனால், வாசகருக்கு நாம் தர வேண்டியதில் அது சிறிய பகுதி.

தடம் ஏன் அழிகிறது?

ஒரு நிருபர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு தகவலைக் கொண்டுவந்தால், அதைச் சொன்னது யார், எந்த ஆணையில் இருக்கிறது, எப்போது சொன்னார் என்பதும் சேர்ந்தே அவர் குறிப்பேட்டில் இருக்கும். மொழி மாதிரி என்று அழைக்கப்படும் மென்பொருள் பயிற்சி பெறும் விதம் வேறு. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற கணக்கை அது கற்றுக்கொள்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு, செய்தி நிறுவனத்தின் தந்தி, அரட்டைத் தளத்தில் யாரோ எழுதிய கேலி எல்லாமே அந்தக் கணக்குக்குள் கரைந்துவிடுகின்றன. இன்ன வாக்கியத்தை இன்ன இடத்தில் படித்தேன் என்று அது தனியே எழுதி வைப்பதில்லை.

ஆதாரம் கேட்டால் என்ன செய்கிறது? ஆதாரம் போன்ற வடிவில் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கிறது. பத்திரிகையின் பெயர், தேதி, தலைப்பு என்பதும் அதற்கு ஒரு சொல் வரிசைதான். ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள்மீது நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் தொடுத்த வழக்கு பதிப்புரிமை வழக்காகவே பெரிதும் அறியப்பட்டது. ஆரஞ்சுச் சாறுக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதாக 2020 ஜனவரி 10 அன்று டைம்ஸ் செய்தி வெளியிட்டது என்று மாதிரி ஒன்று தேதியோடு சொன்னதும் அந்த மனுவில் இருக்கிறது. அப்படி ஒரு செய்தியை அந்தப் பத்திரிகை வெளியிடவே இல்லை. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கிலும், நடக்காத பேட்டியைத் தன் பெயரில் ஏற்றிச் சொன்னது என்ற குற்றச்சாட்டு உண்டு. உழைப்பைத் திருடியதாகச் சொல்லும் புகாரைவிட இந்தப் புகார் எனக்குக் கடுமையாகப் படுகிறது. ஒரு செய்தி நிறுவனத்திடம் இருக்கும் ஒரே சொத்து அதன் பெயர்மீதான நம்பிக்கை. அந்தப் பெயரைப் பொய்க்குச் சாட்சியாக நிறுத்துவது அந்தச் சொத்தையே அழிப்பது.

இந்தக் குறையை உணர்ந்து நிறுவனங்கள் மாதிரியோடு தேடுபொறியை இணைத்தன. கேள்வி வந்ததும் இணையப் பக்கங்களைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து பதிலைத் தொகுத்து, பக்கத்தில் இணைப்புகளைக் கொடுப்பது இப்போதைய முறை. முன்பைவிட இது மேல். ஆனாலும் பல இடங்களில் ஓட்டை விழுகிறது. எந்தப் பக்கத்தை எடுத்தது, அதில் எந்தப் பகுதியைப் படித்தது, தொகுத்த வாக்கியம் உண்மையிலேயே அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் பிழை நுழையலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோ மையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட சோதனை இதை அளந்து காட்டியது. 20 பத்திரிகைகளின் கட்டுரைகளிலிருந்து பத்திகளை எடுத்து எட்டுக் கருவிகளிடம் கொடுத்தார்கள். இது எந்தப் பத்திரிகையில் வந்தது, தலைப்பு என்ன, தேதி என்ன, இணைப்பு எது என்பதே கேள்வி. மொத்தம் 1,600 கேள்விகள். 60 விழுக்காட்டுக்கும் மேலான பதில்கள் தவறு. க்ரோக்-3 கருவி 200 கேள்விகளுக்குக் கொடுத்த இணைப்புகளில் 154 எங்கும் போகாதவை. சாட்ஜிபிடி 134 இடங்களில் தவறு செய்தது. உறுதியில்லை என்ற குறிப்பை 200 பதில்களில் 15இல் மட்டுமே சேர்த்தது. தெரியாது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இந்தக் கடைசி விவரம்தான் கவலையை மிகுவிக்கிறது. உறுதியான தொனியும் நீல நிற இணைப்பும் சேரும்போது ‘யாரோ சரிபார்த்திருக்கிறார்கள்’ என்ற எண்ணம் வாசகர் மனதில் விழுகிறது. பெரும்பாலோர் இணைப்பைத் திறப்பதில்லை. இணைப்பு இருப்பதே போதும் என்றாகிவிடுகிறது.

பிழை செய்த பழைய ரோபோ

இயந்திரம் செய்தி எழுதுவது புதிதல்ல. அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் 2014 முதல் கம்பெனிகளின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை மென்பொருள்வழி எழுதுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் ‘க்வேக்பாட்’ அதைவிடச் சுவையான உதாரணம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தவுடன், நிலநடுக்கத்தின் அளவு, இடம், நேரத்தை எடுத்து வார்ப்பு வாக்கியங்களில் நிரப்பி ஒரு சிறு செய்தியைத் தயாரிக்கும். 2014 மார்ச் 17 காலை லாஸ் ஏஞ்சலஸ் குலுங்கியபோது மூன்று நிமிடங்களுக்குள் செய்தி இணையத்தில் ஏறியது.

அதே க்வேக்பாட் 2017 ஜூன் 21 அன்று, கலிஃபோர்னியாவின் இஸ்லா விஸ்டா அருகே 6.8 அளவில் நிலநடுக்கம் என்று அறிவித்தது. நிலம் அசையவே இல்லை. அது 1925 ஜூன் 29 அன்று சான்டா பார்பராவைச் சிதைத்த நிலநடுக்கம். கால்டெக் ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவின் இடத்தைத் திருத்த முனைந்தபோது, புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணினியிலிருந்து 2025 என்ற ஆண்டோடு தவறான எச்சரிக்கை வெளியேறிவிட்டது. க்வேக்பாட் அதை அப்படியே நம்பியது.

இந்தப் பிழையை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அது எவ்வளவு சுலபமாகப் பிடிபட்டது என்பதுதான். செய்தியிலேயே ‘புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தகவல்படி’ என்று இருந்தது. எச்சரிக்கையில் தேதி 2025 என்று இருந்தது. மூலத்தைத் திறந்து பார்த்தவர்கள் உடனே கோளாறைக் கண்டார்கள். நாளிதழ் செய்தியை விலக்கிக்கொண்டு, நடந்ததை விளக்கியது. யார் தவறு, எந்த இடத்தில் தவறு, எப்படி நேர்ந்தது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இருந்தது. இயந்திரம் எழுதிய செய்தியிலும் மூலத்தின் தடம் அறுபடாமல் இருக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. இன்றைய மாதிரிகள் எழுதும் சரளமான நடையில் இந்தத் தடம் அறுந்திருப்பது தவிர்க்க முடியாத விதியல்ல. அது வடிவமைப்பில் எடுத்த முடிவு, செய்தி அறைகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட முடிவு.

ஏற்றுக்கொண்டதன் விளைவைத் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் தொடக்கத்திலேயே அனுபவித்தது. 2022 நவம்பரிலிருந்து வங்கி வட்டி, கடன் பற்றிய விளக்கக் கட்டுரைகளை ஏஐ எழுத, ‘சிநெட் மணி ஸ்டாஃப்’ என்ற பெயரில் அது வெளியிட்டது. அந்தப் பெயரைத் தொட்டுத் திறந்து பார்த்தால்தான் தானியங்கித் தொழில்நுட்பம் எழுதியது என்ற குறிப்பு தெரியும். 10,000 டாலரை 3 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று ஒரு கட்டுரை சொன்னது. சம்பாத்தியம் 300 டாலர்தான். 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபின் 77 கட்டுரைகளைத் திரும்பப் படித்து, 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டார்கள். ஆசிரியர் குழு பார்த்துத்தான் வெளியிட்டது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எதைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பது வாசகருக்குத் தெரியவில்லை.

நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. பாகிஸ்தானின் மதிப்புமிக்க டான் நாளிதழ் 2025 நவம்பரில் கார் விற்பனை பற்றிய வணிகச் செய்தியின் கடைசியில், இதை முதல் பக்கத்துக்கேற்ற விறுவிறுப்பான வடிவில் எழுதித் தரட்டுமா என்று சாட்பாட் கேட்ட வரியையும் சேர்த்து அச்சிட்டுவிட்டது. நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. அந்த வரி அச்சில் வந்தது என்றால், செய்தியின் கடைசி வரிவரை எவரும் படிக்கவில்லை என்று பொருள். மேலே இருந்த விற்பனைக் கணக்குகளை யாராவது மூலத்தோடு ஒப்பிட்டிருப்பார்களா என்பதே என் கேள்வி.

பெயர் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது

செய்தி நிறுவனமே ஏஐயைக் கையாள்வது ஒரு வகை. செய்தி நிறுவனங்களின் பெயரைப் போட்டு மற்றவர்கள் சுருக்கம் தருவது இன்னொரு வகை. இதில் மூலம் மறைக்கப்படுவதில்லை. பெரிதாகவே காட்டப்படுகிறது. ஆனால், மூலம் சொல்லாதது அதன் வாயில் திணிக்கப்படுகிறது. 2024 டிசம்பரில் ஆப்பிள் கைபேசியின் அறிவிப்புச் சுருக்கம், அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனத் தலைவரின் கொலை வழக்கில் கைதானவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று பிபிசியின் சின்னத்தோடு காட்டியது. பிபிசி அப்படிச் சொல்லவில்லை. புகார் சென்று, அடுத்த மாதம் செய்திச் செயலிகளுக்கான சுருக்கங்களை ஆப்பிள் நிறுத்திவைத்தது.

பிபிசி தானே ஒரு சோதனையும் செய்து 2025 பிப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டது. நான்கு சாட்பாட்களிடம் செய்தி தொடர்பான 100 கேள்விகள். 51 விழுக்காடு பதில்களில் குறிப்பிடத்தக்க குறைகள். பிபிசியின் கட்டுரையிலிருந்து எடுத்ததாகச் சொன்ன மேற்கோள்களில் 13 விழுக்காடு, அந்தக் கட்டுரையில் இல்லாதவை அல்லது மாற்றப்பட்டவை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் சேர்ந்து அக்டோபரில் இதை 18 நாடுகளின் 22 ஊடகங்களுக்கு விரித்தபோது, 45 விழுக்காடு பதில்களில் பெரிய குறை தெரிந்தது. அதில் முதலிடம் பிடித்தது மூலம் குறித்த குறை: 31 விழுக்காடு. ஆதாரம் இல்லாமை, தவறான ஆதாரம், ஆதாரத்தில் இல்லாததை அதன்மீது ஏற்றுவது. அந்தச் சோதனை நடந்த 14 மொழிகளில் இந்திய மொழி ஒன்றும் இல்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இவ்வளவு தடுமாறும் கருவிகள் தமிழில் எப்படி நடக்கின்றன என்பதை நம் பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகள் அளந்து பார்க்கலாம். பெரிய செலவு பிடிக்கிற வேலையல்ல. நூறு கேள்விகளும் பத்து மாணவர்களும் ஒரு பருவமும் போதும்.

மூலம் முற்றிலும் தெளிவாக இருந்தும் இயந்திரம் அதை மீறிய கதையும் உண்டு. 2025 ஆகஸ்டில் காஸாவில் பட்டினியால் எலும்பும் தோலுமான சிறுமி ஒருத்தியின் படத்தை ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் எடுத்தார். எடுத்தவர், இடம், தேதி எல்லாம் படக் குறிப்பில் இருந்தன. எக்ஸ் தளத்தில் சிலர் க்ரோக்கிடம் கேட்டார்கள். ஏழாண்டுகளுக்கு முன் ஏமனில் எடுத்த படம் என்று அது அடித்துச் சொன்னது. படத்தைப் பகிர்ந்த பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்மீது பொய் பரப்புகிறார் என்ற பழி விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் இந்திய - பாகிஸ்தான் மோதலின்போதும் சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்தின் பழைய காணொலியை, பாகிஸ்தானின் நூர்கான் விமானத் தளத்தின்மீது விழுந்த ஏவுகணை என்று இதே கருவி அடையாளம் சொன்னது. சரிபார்க்கும் இடம் என்று நம்பி மக்கள் போனது அதனிடம்தான்.

அடுத்த சிக்கல், இணைப்புகளே கலப்படமாவது. முழுக்கவோ பெரும்பாலுமோ ஏஐயால் எழுதப்படும் செய்தித் தளங்கள் என்று, செய்தித் தளங்களை மதிப்பிடும் நியூஸ்கார்ட் நிறுவனம் 2023 மே மாதம் 49 தளங்களைக் கண்டது. இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை 1,271 ஆனது. இவற்றில் பல நிஜப் பத்திரிகைகளின் செய்தியை மாற்றி எழுதி வெளியிடும். சாட்பாட் இவற்றை ஆதாரமாக எடுக்கும். ரஷ்யாவுக்குச் சாதகமான ‘பிராவ்தா’ வலைப்பின்னல் 2024இல் மட்டும் 36 லட்சம் கட்டுரைகளை இணையத்தில் கொட்டியதாகவும், பத்துச் சாட்பாட்கள் மூன்றில் ஒரு பங்கு பதில்களில் அந்தப் பொய்களைத் திருப்பிச் சொன்னதாகவும் அதே நிறுவனம் 2025 மார்ச்சில் கூறியது. மனிதர் படிப்பதற்காகவே எழுதப்படாத செய்திகள் இவை. இயந்திரம் படித்து, அதன் வாய்வழியாக மனிதரை அடைவதே நோக்கம். இந்நிலையில் ‘ஆதாரம் கொடுத்திருக்கிறோம்’ என்பது பதிலாகாது. அந்த ஆதாரம் நேரில் கண்டதா, கேட்டதை எழுதியதா, எழுதியதை மாற்றி எழுதியதா என்று தரம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முத்திரை போதுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், பொதுநலன் சார்ந்த விஷயங்களைத் தெரிவிக்க ஏஐ எழுதும் உரைகளில் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று 50ஆம் பிரிவில் சொல்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: மனிதர் ஒருவர் பரிசீலித்து, ஒரு நபரோ நிறுவனமோ ஆசிரியப் பொறுப்பை ஏற்றால் வெளிப்படுத்தத் தேவையில்லை. பொறுப்பை ஏற்பவருக்குச் சலுகை என்ற எண்ணம் நல்லது. ஆனால், பரிசீலித்தது என்றால் எழுத்துப்பிழை பார்த்ததா, மூலத்தைத் திறந்து பார்த்ததா? சிநெட்டில் நடந்ததும் மனிதப் பரிசீலனைதான். இந்தியாவில் மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவு விதிகளைச் சுற்றி எழுந்த பேச்சில் பெரும்பகுதி, படத்தின் பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு முத்திரை வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றியே இருந்தது. போலிக் காணொலிகளுக்கு அது உதவலாம். எழுத்தாக வரும் செய்திக்கு அது என்ன சொல்கிறது? ஏஐ எழுதியது என்று தெரிந்துகொண்ட வாசகர், அதில் உள்ள தகவல் மெய்யா பொய்யா என்பதில் ஓர் அடிகூட முன்னே போவதில்லை.

படங்களுக்கு ‘சி2பிஏ’ என்ற பொதுத் தரமுறை வந்திருக்கிறது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்டவை 2021இல் தொடங்கியது. எந்தக் கேமராவில் எடுத்தது, எந்த மென்பொருளில் திருத்தியது என்ற வரலாற்றை மின்னணுக் கையொப்பத்தோடு படத்துக்குள்ளேயே பதிக்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. எழுத்துக்கு இதற்கு ஈடாகப் பரவலாகப் புழங்கும் ஒன்று இல்லை. ஒரு வாக்கியத்தை நகலெடுத்து ஒட்டினால் அதன் வரலாறு அங்கேயே நின்றுவிடுகிறது.

அதனால்தான் பழைய ஏற்பாடு ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எந்த நாளிதழை எடுத்தாலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். பல நாளிதழ்களில் ஆசிரியர் பெயரோடு, சட்டப்படி செய்தித் தேர்வுக்குப் பொறுப்பானவர் என்றும் இருக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. வெளியாகும் விஷயத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவரே ஆசிரியர் என்றது அந்தச் சட்டம். பத்திரிகைகளைக் கண்காணிக்க ஆங்கிலேய அரசு போட்ட சட்டம் என்பதை மறுக்க முடியாது. என்றாலும், காலப்போக்கில் அந்த வரி வாசகரின் உரிமையாகிவிட்டது: அவதூறு என்றால் யார்மீது வழக்கு, தவறு என்றால் யாருக்குக் கடிதம் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் பழையதின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏஐ சுருக்கம் தரும் செயலிக்கு இப்படி ஒரு மூலை வரி இந்த இரண்டு சட்டங்களிலும் இல்லை. டியூபிங்கன் செய்தியாளரின் புகார் இதே போன்ற பள்ளத்தில்தான் விழுந்தது.

செய்தி அறைகளில் ஏஐயைப் பயன்படுத்துகிற தமிழ் ஊடகங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏஐ உதவியோடு உருவான ஒவ்வொரு செய்தியின் கீழும் அதற்கு அடிப்படையான ஆவணம், அறிக்கை, செய்தி நிறுவனத் தந்தி எது என்று எழுதலாம். அவற்றைத் திறந்து படித்து ஒப்பிட்டவரின் பெயரைப் போடலாம். திருத்தம் செய்தால் பழைய வாசகம் என்ன, புதியது என்ன என்று தெரியும்படி அதே பக்கத்தில் வைக்கலாம். கருவிக்குக் கொடுத்த கட்டளையையும் அது முதலில் தந்த உரையையும் நிருபரின் குறிப்பேடு போலக் குறிப்பிட்ட காலம் பாதுகாக்கலாம். இவற்றில் ஒன்றுகூடத் தொழில்நுட்பரீதியாகக் கடினமானதல்ல.

மூலத்தை வெளிப்படுத்துவது என்றதும் பத்திரிகையாளர்களுக்கு நியாயமான அச்சம் ஒன்று எழும். அரசு அலுவலகத்திலிருந்து ஊழலை அம்பலப்படுத்துபவரின் பெயரைச் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே வாசகருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் நிருபருக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியும். அந்த நபர் ஏன் நம்பத்தக்கவர் என்று இருவர் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பெயரை மறைக்கும் பொறுப்பை உயிருள்ள ஒருவர் சுமக்கிறார், சில சமயம் அதற்காகச் சிறைக்கும் போகிறார். மாதிரி தரும் உரையில் மறைந்திருக்கும் மூலம் யாருக்குமே தெரியாதது. இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தின் ரகசியம் பத்திரிகை தர்மம் என்று ஏஐ உரைக்குக் கேடயம் தேடுவது அந்தத் தர்மத்துக்கே செய்யும் துரோகம்.

தமிழ்ச் செய்தி மேசைக்கென்று தனி ஆபத்தும் உண்டு. தேசிய, உலகச் செய்திகளில் பெரும்பங்கு ஆங்கிலத் தந்திகளின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்க்கும் துணையாசிரியர் வெறும் மொழிமாற்றம் செய்பவரல்ல. ஒரு பத்தியை மூன்று முறை படிக்கிற ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். ‘போலீஸார் கூறினர்’ என்பது விட்டுப்போனால் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியாகிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தந்தியின் முந்தைய பதிப்பைத் தேடுவார். சந்தேகம் வந்தால் நிருபரை அழைப்பார். அந்த இடத்தில் இயந்திர மொழிபெயர்ப்பை வைத்து, வெளிவரும் உரையை மேலோட்டமாகப் பார்த்து ஏற்றினால் மொழிபெயர்ப்போடு அந்தச் சரிபார்ப்பும் சேர்ந்து போய்விடுகிறது. சுருக்கச் சொன்னால் முதலில் உதிர்வது ‘யார் சொன்னது’ என்ற பகுதிதான், ஏனெனில் இயந்திரத்தின் கணக்கில் அது தகவல் அல்ல, இடத்தை அடைக்கும் சொற்கள்.

2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு 64 பக்கக் கோடைக்காலச் சிறப்பிதழ் ஒன்று வந்தது. அதில் விடுமுறையில் படிக்க வேண்டிய 15 நூல்களின் பட்டியல். இசபெல் அயெந்தே, ஆண்டி வியர் போன்ற நிஜ எழுத்தாளர்கள், கதைச் சுருக்கங்கள் எல்லாம் இருந்தன. 15இல் 10 நூல்கள் உலகில் இல்லாதவை. வாசகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். பட்டியலைத் தயாரித்தவர் ஏஐயைப் பயன்படுத்தியதையும் சரிபார்க்காததையும் ஒப்புக்கொண்டார். உலகமே அவரைத் திட்டியது. அவர் செய்தது தவறு, ஐயமில்லை. ஆனால், அந்தச் சிறப்பிதழின் பெரும்பகுதியை எழுதியவர் அவர் ஒருவரே. வெளி நிறுவனம் ஒன்று தயாரித்து விற்ற அந்தப் பக்கங்களை நாளிதழின் ஆசிரியர் குழு பார்க்கவே இல்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் அந்த நாளிதழ் தன் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை விருப்ப ஓய்வில் அனுப்பியிருந்தது.

ஒரு நூல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். 15 நூல்களுக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் யாருடைய பணி நேரத்திலும் இல்லை என்பதே நடந்ததன் காரணம். ஏஐ கருவிக்குச் சந்தா கட்டும் நிர்வாகங்கள், அது எழுதியதைச் சரிபார்க்கும் நேரத்தையும் ஆளையும் அதே வரவு செலவில் ஒதுக்கியிருக்கின்றனவா என்று பத்திரிகையாளர் சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும். ஒரு செய்தி மேசையில் ஒரு துணையாசிரியர் ஒரு ஷிஃப்டில் ஏஐ உதவியோடு எத்தனை செய்திகளை முடிக்க வேண்டும் என்ற எண்ணிக்கையையும், அவற்றில் எத்தனைக்கு மூலம் ஒப்பிடப்பட்டது என்ற எண்ணிக்கையையும் ஊடக நிறுவனங்கள் ஆண்டுதோறும் தங்கள் வாசகர்முன் வைக்கட்டும்.